மில்லிமீட்டர் மேடத்தின் பௌர்ணமி மழை

ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. விடியும் முன்பே எழுந்துவிட்டேன். எங்கள் தெருவுக்கு நகராட்சித் தண்ணீர் வரும் முறைநாள். அண்டாவையும் குடங்களையும் நிரப்பி மூடி வைத்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். செய்தித்தாளை வழக்கம்போலக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரை படித்தேன். நான் குமாஸ்தாவாக இருக்கும் வக்கீல் அலுவலகத்தை வழக்கமான நேரத்தில் திறந்தேன். இரண்டு வழக்குகளுக்கு வாய்தா, ஒரு நகல் மனு, மதியம் தயிர் சாதம். எல்லாம் என் நாட்குறிப்பில் வரிசையாக இருக்கிறது. வழக்கத்துக்கு மாறாக நடந்தது ஒன்றுதான். அன்று முழுவதும் கைபேசியை மேசைமேல் வைத்து, பால் பொங்குகிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவருக்கு அன்று சென்னையில் வாய்மொழித் தேர்வு.

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் சாமியிடம் வரம் கேட்பார்கள். சாமிக்கு வந்ததைக் கணக்குக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் நானே என் கையால் எழுதியிருக்கிறேன். ஆனால் செங்கம் சாலையில் இறங்கி அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘மில்லிமீட்டர் மேடம் வீடு’ என்றால் ஆட்டோக்காரர் பேரம்கூடப் பேசாமல் எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

பெயர் வைத்தவர் எங்கள் பால்காரர். மேடம் குடிவந்த புதிதில் ஒரு காலை, சொட்டச் சொட்ட நனைந்து வந்து, “நேத்து ராத்திரி செம மழைம்மா” என்றார்.

“எத்தினி மில்லிமீட்டர்?” என்றார் மேடம்.

பால்காரர் வானத்தைப் பார்த்தார். கேனைப் பார்த்தார். “தெரியலியேம்மா. தெப்பலா நனைஞ்சுட்டேன்.”

“அது அளவில்லைங்க.”

அன்றைய தினமே அந்தத் தெரு முழுக்க, பாலோடு சேர்த்து அந்தப் பெயரும் வீடு வீடாக ஊற்றப்பட்டுவிட்டது.

வீடு பார்க்க வந்த நாளிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். வருகிறவர்கள் காற்று வருமா, பக்கத்தில் கடை இருக்கிறதா என்று கேட்பார்கள். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் மலை தெரிகிறதா என்று கேட்பார்கள். இவர் மொபெட்டை நிறுத்திவிட்டு நேராகக் குளியலறைக்குப் போனார். குழாயைத் திறந்து, அடியில் வாளியை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சார், நிமிஷத்துக்கு ஒம்போது லிட்டர் வருது.”

“ஆமாம் மேடம், தண்ணிக்குப் பஞ்சமே இல்ல” என்றேன் பெருமையாக.

“ஆறு போதும். நானே வாஷர் மாத்திக்கலாமா?”

தண்ணீர் கம்மியாக வருகிறது என்று சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜாஸ்தியாக வருகிறது என்று குறை சொல்லி ஒருவர் குடிவந்தது அதுதான் முதல் தடவை.

என் மனைவி சாந்தியை அவர் ஒரே வாரத்தில் தன் கட்சிக்கு இழுத்துக்கொண்டார். எங்கள் வீட்டு வாளிகள் அனைத்திலும் சிவப்பு நகப்பூச்சில் கோடுகள் முளைத்தன. அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு, பாத்திரம் அலசிய தண்ணீர் வாழைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் விலாசம் வந்தது. அதுவரை பரவாயில்லை. ஒருநாள் நான் துண்டைக் கட்டிக்கொண்டு குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது, மாடிப்படியிலிருந்து ஒரு குரல்.

“சார், இன்னிக்கு முப்பத்தாறு லிட்டர்.”

திடுக்கிட்டு நிமிர்ந்தேன். “எப்படி மேடம்?”

“மக் சத்தத்த எண்ணினேன் சார். உங்க மக் ஒண்ணரை லிட்டர்.”

ஊர் நடப்பையெல்லாம் குறித்து வைக்கும் என்னை வேறொருவர் குறித்து வைக்கிறார் என்பதைத் தாங்க முடியவில்லை. மறுநாள் சத்தமே வராதபடி தோளோடு ஒட்டி ஒட்டி ஊற்றிக் குளித்தேன். நான் அலுவலகம் போன பிறகு சாந்தியிடம், “அக்கா, சார் இன்னிக்குக் குளிக்கலையா? உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று அக்கறையாக விசாரித்திருக்கிறார்.

அவருக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. ஆரணிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து, அந்த வேலையை விட்டுவிட்டு, சென்னையில் முதுகலை சேர்ந்திருந்தார். காலநிலை மாற்றத்துக்கு ஏற்ற நீர் மேலாண்மை என்பது படிப்பின் பெயர். கணவருக்கு ஓசூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, மனைவி மழை அளக்கப் போயிருப்பதைத் தெரிந்துகொண்டு, எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போவார்.

“இந்த வயசுல எதுக்கு மேடம் படிப்பு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வருஷா வருஷம் போர்டுல அந்தப் படத்தை வரைவேன் சார். கடல்லேருந்து ஆவி, ஆவிலேருந்து மேகம், மேகத்துலேருந்து மழைன்னு. படத்துல மழை தவறாமப் பெய்யும். ஜன்னலுக்கு வெளிய பாத்தா பெய்யாது. ஒருநாள் ஒரு பொண்ணு எழுந்து கேட்டா, ‘மிஸ், படம் தப்பா, வானம் தப்பா?’ன்னு. எனக்குப் பதில் தெரியல.”

அந்தப் பதிலைத் தேடித்தான் கள ஆய்வுக்கு இங்கே வந்திருந்தார். இனி மழை நாள் பார்த்துப் பெய்யாது, கொட்டினால் ஒரே நாளில் கொட்டும், காய்ந்தால் மாதக்கணக்கில் காயும், அதற்குத் தகுந்தபடி இந்த மலையைச் சுற்றியுள்ள குளங்கள் தண்ணீரை எப்படிப் பிடித்து வைக்க வேண்டும் என்பது ஆய்வு. மலைக்குக் கிழக்கே மழை பெய்யும்போது மேற்கே வெயில் அடிப்பது எங்களுக்குப் பழகிய விஷயம். அதனால் மலையைச் சுற்றி ஐந்து இடங்களில் மழைமானி வைத்தார். பெரிய மர்மம் ஒன்றுமில்லை. இடுப்பளவு உயரத்தில் ஓர் உருளை, அதன் வாயில் ஒரு புனல், உள்ளே ஒரு புட்டி. தினமும் காலை எட்டரைக்குப் புட்டியிலுள்ள தண்ணீரை அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். மழை வந்தால் ஊர் வீட்டுக்குள் ஓடும். இவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடுவார்.

ஐந்தில் ஒன்று அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம், முனியம்மாவின் டீக்கடையை ஒட்டிய வெற்றிடத்தில் இருந்தது. வைத்த வாரமே ஓர் ஆடு அதை முட்டிச் சாய்த்துவிட்டது. அசையாமல் நிற்க ஒரு மேடை வேண்டும் என்று ஏழுமலை என்ற கொத்தனாரிடம் சொல்லிவிட்டு, மேடம் ஏதோ கருத்தரங்குக்காகச் சென்னை போனார். திரும்பி வந்து பார்த்தபோது அங்கே மேடை இல்லை. மூன்று அடுக்குப் பீடம் இருந்தது. விளிம்பில் தாமரை இதழ்கள். பக்கவாட்டில் காவியும் வெள்ளையுமாகப் பட்டைகள். மழைமானியின் உடம்பு முழுக்க மஞ்சள், நான்கு பக்கமும் குங்குமம். கீழே அறுத்த எலுமிச்சம்பழம்.

“இன்னாங்க இது?”

“பீடம்மா” என்றார் ஏழுமலை.

“நான் மேடைதானே கேட்டேன்?”

“இந்தப் பாதையில பொழுதுக்கும் பீடம்தாம்மா கட்டறேன். கை வேற மாதிரி போவ மாட்டேங்குது.”

“மஞ்சள் எதுக்குங்க?”

“வேலை முடிஞ்சா பூஜை போட வேணாமா? உங்களுக்காகத்தாம்மா போட்டேன். நீங்க பாஸாவணும்னு.”

தன் தேர்ச்சிக்காகப் பூஜை போட்டவரை எப்படித் திட்டுவது? மேடம் மஞ்சளை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்தார். அது போதாது என்பது அடுத்த பௌர்ணமியில்தான் தெரிந்தது. உண்மையில், அப்போதும் தெரியவில்லை.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை மொபெட் பறந்து வந்தது. “சார்! நாலு இடத்துல சுழி. அடி அண்ணாமலையில மட்டும் நாப்பத்திரெண்டு மில்லிமீட்டர்!”

மலையின் மேற்குச் சரிவுக்கென்றே தனி மழை! சென்னையிலிருந்த அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் போனில் கத்தியது எங்கள் கூடம் வரை கேட்டது. “எழுதுங்கம்மா, எழுதுங்க! இது புது விஷயம்!” அடுத்த பௌர்ணமிக்கு அறுபது. நிலவுக்கும் மழைக்கும் என்ன உறவு என்று மேடம் ஒரு முழு அத்தியாயமே எழுதிவிட்டார்.

மூன்றாவது பௌர்ணமிக்கு மறுநாள், குடுவையோடு எங்கள் சமையலறைக்கே வந்தார். “அக்கா, இத மோந்து பாருங்க.”

சாந்தி மோந்து பார்த்தாள். “பன்னீரு. எங்க கல்யாணத்துல தெளிச்சது இதே வாசனைதான்.”

“அங்க பக்கத்துல ரோஜாத் தோட்டம் ஏதாவது இருக்கோ? காத்துல வாசனை ஏறி, மழையில கரைஞ்சு…”

“மேடம்,” என்றேன், “எங்க கோர்ட்டுல இதுக்கெல்லாம் நேரடி சாட்சி கேப்பாங்க.”

அடுத்த பௌர்ணமி அன்று, வெளிச்சம் இருக்கும்போதே மூன்று பேரும் அடி அண்ணாமலைக்குப் போனோம். மழைமானிக்கு முன்னால் வரிசை நின்றது. மாலை, மஞ்சள் துணி, பீடமெங்கும் அகல் விளக்குகள். நடந்து வந்தவர்கள் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைப் புனலில் கவிழ்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பயபக்தியோடு நகர்ந்தார்கள்.

எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாள், பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். “மலையச் சுத்தி எட்டு லிங்கம்னுதானே சொல்லுவாங்க. இது எதுங்க?”

“இது புதுசா வெளிப்பட்டிருக்கு. வாயி மேல பாத்துத் திறந்திருக்கு பாருங்க. ஊத்த ஊத்த உள்ள போய்க்கினே இருக்குதாம். ரொம்பவே ரொம்பாதாம்.”

“உள்ள நாலு லிட்டர் புட்டி இருக்கு” என்றார் மேடம், யாருக்கும் கேட்காத குரலில்.

திரும்பி வந்தோம். மேடம் வீட்டு வாசலில் இறங்கி, “பெய்யாத மழைக்கு ஒரு அத்தியாயம் எழுதிட்டேனே சார்” என்றார். சாந்தி இரண்டு தோசை வார்த்துக் கொடுத்தாள். அன்று அவர் மாவில் எத்தனை பங்கு தண்ணீர் என்று கேட்கவில்லை. விஷயம் பெரிதுதான் என்று புரிந்துகொண்டோம்.

அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். அளவுகளை என்ன செய்வது? வழிகாட்டி போனில் விளக்கினார். ஆய்வேட்டைத் திருத்த வரப்போகும் வெளித் தேர்வாளர் கடுமையானவர். ஓர் இடத்தின் அளவு சுத்தமாக இல்லை என்பதற்காகவே போன வருடம் ஒரு பையனின் ஏட்டைத் திருப்பி அனுப்பியவர். மேடம் ஏற்கெனவே ஒருமுறை கால நீட்டிப்பு வாங்கியிருந்தார். இனி கிடையாது. இந்த ஏடு திரும்பினால் பட்டம் இல்லை, விட்டுவிட்டு வந்த பள்ளி வேலையும் இல்லை.

“பேசாம பௌர்ணமி அளவையெல்லாம் சுழின்னு மாத்திடுங்கம்மா” என்றார் வழிகாட்டி.

“புட்டியில தண்ணி இருந்துச்சே சார். இல்லன்னு எப்படி எழுதறது?”

“மழை இல்லையேம்மா!”

“அப்ப மழை இல்லன்னு எழுதறேன். தண்ணி இல்லன்னு எழுத மாட்டேன்.”

இடத்தை மாற்றவும் வழியில்லை. பாதியில் இடம் மாறினால் அதுவரை எடுத்த அளவு செல்லாது. போதாததற்கு, முனியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். “இன்னாம்மா நீ, நீயே கொணாந்து வெச்சிட்டு நீயே தூக்கிகினு போவியா? அது வந்தப்புறம்தான் எங்கடையில ரெண்டு பேரு குந்தறாங்க. சாமி மேல கைய வெச்ச, ஊரே திரண்டுகினு வரும், ஆமா.”

அதன் பிறகு நடந்தது மில்லிமீட்டர் மேடத்துக்கும் பக்தகோடிகளுக்கும் இடையிலான போர். முதல் ஆயுதம் ஓர் அறிவிப்புப் பலகை. ‘இது மழைமானி. சாமி அல்ல. தண்ணீர் ஊற்றாதீர்’ என்று நான்தான் அழகாக எழுதிக் கொடுத்தேன். அடுத்த பௌர்ணமியில் அந்தப் பலகைக்கே மாலை போட்டார்கள். மாலை கீழிரண்டு வரிகளை மறைத்துவிட, சாமிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. மழைமானியம்மன். செங்கம் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்து மழை வேண்டிக்கொண்டு போனார்கள். அந்த வாரமே செங்கத்தில் மழை கொட்டித் தீர்த்தது. அதற்கு அடுத்த வாரம் இரண்டு வேன்.

இரண்டாவது ஆயுதம், பௌர்ணமி மாலையில் மட்டும் ஒரு வாளியைக் கவிழ்த்து மழைமானியை மூடி வைப்பது. “அலங்காரத்துக்குத் திரை போட்டிருக்காங்க” என்று ஒருவர் சொல்ல, கூட்டம் உட்கார்ந்துவிட்டது. திரை எப்போது விலகும் என்று காத்திருந்தவர்கள் பாதையை அடைத்துக்கொள்ள, போலீஸ்காரர் ஒருவர் வந்து, பதறிப்போய், வாளியைத் தானே எடுத்தார். எடுத்தவுடன் ‘அரோகரா’ என்ற சத்தத்தில் அவரும் ஒருமுறை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஐப்பசி பௌர்ணமியில் நிலைமை முற்றிவிட்டது. அன்று நிஜமாகவே மழை. புனலுக்குள் மழையும் விழுகிறது, அபிஷேகமும் விழுகிறது. எது எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். மேடம் குடையைப் பிடித்துக்கொண்டு மழைமானிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஊற்றிவிட்டு வருகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தினார்.

“அம்மா, எத்தினி மில்லி ஊத்துனீங்க?”

“இன்னாது?”

“பாட்டில் முழுசாவா, பாதியா?”

“ஏம்மா, சாமிக்கு ஊத்துனதுக்குக் கூடவா கணக்கு கேக்கறீங்க?”

“பாதின்னு போட்டுக்கவா?”

“பாதியா? முழுசா ஊத்துனேன்! முழுசுன்னு போடு!”

பாதி ஊற்றியவர்கள் எல்லாம் பக்கத்தில் நிற்பவர்களுக்கு எதிரே வெட்கப்பட்டு, திரும்பிப் போய் மீதியையும் ஊற்றினார்கள். அந்த ஒரு நாள் விசாரணையால் மட்டும் அபிஷேகம் இரட்டிப்பாகியிருக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் மறுநாள் அவருடைய அட்டவணையில் மழைக்கு ஒரு கட்டமும், அதற்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு கட்டமும் இருந்தன. புதுக்கட்டத்தின் தலைப்பு: ‘பக்தி (மி.மீ.)’.

“இப்படியேவா மேடம் கொடுக்கப் போறீங்க?”

“வேற என்னன்னு போடறது சார்?”

போரை முடித்து வைத்தது ஒரு சமாதான உடன்படிக்கை. மேடம் மறுபடியும் ஏழுமலையைக் கூப்பிட்டார். மழைமானிக்குப் பத்தடி தள்ளி, இந்த முறை மனசாரப் பீடமே கட்டச் சொன்னார். ஏழுமலைக்கு ஆனந்தம். ஐந்து அடுக்கு கட்டினார். மேலே ஒரு பழைய கல்தொட்டி. தொட்டியில் ஊற்றும் தண்ணீர் குழாய் வழியாகக் கூழாங்கல் குழிக்குப் போய், அங்கிருந்து முனியம்மாவின் வறண்ட கிணற்றுக்கு இறங்கும். மழைமானியின் பழைய பீடத்துக்கு அலுவலகச் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. எந்தச் சாமியும் குடியிருக்கச் சம்மதிக்காத நிறம் அது. முனியம்மா பஸ் கண்டக்டர் மாதிரி கத்தினாள். “தண்ணிய இங்க ஊத்துங்க! பாலு ஊத்தாதீங்க, தண்ணி மட்டும்! எங்கெணத்துக்குப் போவுது! புண்ணியம் ஜாஸ்தி!” சனங்களும் விஷயம் தெரிந்து சந்தோஷமாகவே ஊற்றினார்கள். சாம்பல் பீடத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாதா மாதம் பக்திக் கட்டத்தில் சுழி விழுந்தது.

“கெணத்துல ஒரு முழம் ஏறிச்சும்மா!” என்றாள் முனியம்மா ஒருநாள்.

மேடம் நாடாவை இறக்கிப் பார்த்தார். “நாலு விரக்கடைதான் ஏறியிருக்கு.”

“உனுக்கு நல்லதா ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா?” என்றாள் முனியம்மா.

சித்ரா பௌர்ணமி வந்தது. அதற்கு மறுநாள் காலை வெளித் தேர்வாளர் களத்தைப் பார்க்க வருவதாகத் தகவல். மேடம் மாடியில் அட்டவணைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்ததால், பௌர்ணமி மாலையில் நான்தான் காவலுக்குப் போயிருந்தேன். கூட்டம் சொல்லி முடியாது. கல்தொட்டி வரிசை வளைந்து வளைந்து போனது. அப்போது பச்சைக் கரை வேட்டி கட்டிய, மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர், மனைவியோடு வரிசையின் நீளத்தைப் பார்த்துத் தயங்கி நின்றார்.

“ஏங்க, இங்க கூட்டம் கம்மியா இருக்கே. இங்கயே ஊத்திடுங்க” என்றார் கையில் சொம்போடு நின்ற அந்த அம்மாள்.

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சேர்வதற்குள், பாட்டிலைச் சாம்பல் பீடத்து மழைமானியில் கவிழ்த்துவிட்டார். ‘ஐயா’ என்று நான் கூப்பிட்டபோது அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். மழைமானியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். “மேடம், அவர் வர்றதுக்குள்ள புட்டியக் கவுத்துடலாமா? யாருக்கும் தெரியாது.”

“நமக்குத் தெரியுமே சார்.”

“நாம ரெண்டு பேர்தானே.”

“ரெண்டு பேர் போதாதா?” என்றார். அவருடைய கை மட்டும் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

கார் வந்து நின்றது. இறங்கியவர் பேண்ட், சட்டை, ஷூ. ஆனால் மூக்குக் கண்ணாடி அதேதான். மேடத்தின் காதருகே குனிந்தேன். “மேடம், நேத்து பாட்டில் இவர்தான்.”

“நிச்சயமாவா?”

“கூண்டுல ஏத்துனாலும் சொல்லுவேன்.”

தேர்வாளர் சாம்பல் பீடத்தைப் பார்த்தார். கல்தொட்டியைப் பார்த்தார். திரும்பவும் சாம்பல் பீடத்தைப் பார்த்தார். வெயில் இன்னும் ஏறாத அந்த வேளையில் அவருக்கு லேசாக வேர்த்தது.

“அளவு எடுங்க” என்றார்.

மேடம் குந்தி உட்கார்ந்து, குடுவையைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தார். “இருபத்தஞ்சு மில்லிமீட்டர் சார்.”

“நேத்து மழையா?”

“இல்ல சார். மழை சுழி. மத்த நாலும் காஞ்சு கெடக்கு. இது பக்தி.” அட்டவணையை நீட்டினார்.

அவர் அந்தக் கட்டத்தின் தலைப்பை வெகுநேரம் படித்தார். “இதெல்லாம் ஒரு அளவாம்மா? யார் ஊத்துனாங்கன்னாவது தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு வருடப் படிப்பும், விட்டுவிட்டு வந்த வேலையும் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தன. நான் மலையைப் பார்த்தேன். எனக்கும் ஒரு வேண்டுதல் இருந்தது.

“தெரியும் சார்” என்றார் மேடம். “அரை லிட்டர் பாட்டில் ஒண்ணு, இந்த வாய்க்கு இருபத்தஞ்சு மில்லிமீட்டர். மொத்தமும் உங்களுதுதான்.”

டீக்கடையிலிருந்து முனியம்மாவின் குரல் வந்தது. “அட ஆமா! இவருதான்! பச்சக் கரை வேட்டி! கூட ஒரு அம்மா இருந்துச்சு. இங்க வாங்க, இங்க வாங்கன்னு கத்தினேன், காதுலயே வாங்கல!”

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். “எழுதிக்கங்க” என்றார். மீதி நான்கு மழைமானிகளையும் வாய் திறக்காமல் பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஜூன் 17 வரை எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ‘எழுதிக்கங்க’ என்றால் நல்லதா, கெட்டதா என்று நானும் சாந்தியும் எல்லாக் கோணத்திலும் அலசினோம். மேடம் மட்டும் தினமும் காலையில் மலையைச் சுற்றிவிட்டு வந்து, “சுழி சார்” என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போவார்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. அலுவலகத்தைப் பூட்டும் நேரத்தில் கைபேசி அடித்தது.

“சார், கேள்வி ஒண்ணுதான் கேட்டாரு.”

“என்ன கேட்டார் மேடம்?”

“எல்லாரும் உக்காந்திருக்காங்க. அந்தப் பக்கத்தைத் திருப்பி, ‘இந்த இருபத்தஞ்சு மில்லிமீட்டர் நான்தான்’னு அவரே சொல்லிட்டாரு. சொல்லிட்டு, ‘ஆனா ஊத்தறதுக்கு முன்னாடி நான் ரெண்டு வாய் குடிச்சிருந்தேன். அரை லிட்டர் எப்படி சரியா வரும்? உங்க கணக்கு தப்பு’ன்னாரு.”

“ஐயோ. நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆமா சார், ரெண்டு வாய் குறையும்னேன். அத உங்க வீட்டம்மா கையிலிருந்த சொம்புலேருந்து சரி பண்ணிட்டாங்க, முனியம்மா பாத்தாங்கன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அவரும்.”

“அப்புறம்?”

“கையெழுத்துப் போட்டுட்டாரு சார்.”

அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. எத்தனை மில்லி என்று கேட்கலாமா என நினைத்தேன். கேட்கவில்லை. என் நிலைமையும் அப்போது அளக்கிற மாதிரி இல்லை. சான்றிதழ் வேலைகள் முடித்துவிட்டு ஒரு வாரத்தில் வருவதாகச் சொன்னார். மழைமானிகளைப் பிறகு கழற்றிக்கொள்ளலாம், இனி அளவு எடுக்கத் தேவையில்லை என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்களாம். இரவு சாந்தி கேசரி கிளறினாள். தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம்.

மறுநாள், புதன்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாக, காபிகூடக் குடிக்காமல், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். இரவு லேசாகத் தூறியிருந்தது. எட்டரை ஆகும்வரை ஓரமாக நின்றிருந்துவிட்டு, புட்டியை எடுத்துக் குடுவையில் சாய்த்தேன். மூட்டு வலியோடு குந்தி உட்கார்ந்து, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மூன்று மில்லிமீட்டர்.

முனியம்மா கடையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அந்த அம்மாதான் பாஸாயிடுச்சே சார். இன்னும் யாருக்கு இதெல்லாம்?”

“வந்தா கேப்பாங்க” என்றேன்.